54 நொடிக்கு ஒரு பேருந்து

புதிய நகர்ப்புற வழித்தடம் ஒன்றில் பேருந்து ஓட்டுவதா, ரயில் ஓட்டுவதா என்று ஆராயும் அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. எந்த நாட்டு அறிக்கையானாலும் அதன் ஒப்பீட்டு அட்டவணையின் முதல் வரியில் பெரும்பாலும் ஒரே தகவல்தான் இருக்கும்: ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் கட்டுமானச் செலவு. சாலை நடுவில் தனித்தடம் போட்டுப் பேருந்து ஓட்டினால் இவ்வளவு, சாலை மட்டத்தில் டிராம் என்றால் அதைப்போலச் சில மடங்கு, தூண்கள் மேல் மெட்ரோ என்றால் இன்னும் பல மடங்கு, சுரங்கம் என்றால் அதையும் விஞ்சும் தொகை. அந்த ஒரு வரியைப் பார்த்தவுடனேயே விவாதத்தில் பாதிப்பேர் முடிவெடுத்துவிடுகிறார்கள். மீதிப்பேர், விலை குறைந்தது தரமும் குறைந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சி தேடுவதற்கே பயன்படுகின்றன.

செலவைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எவ்வளவு வேலைக்கு அந்தச் செலவு என்பது தெரியாமல் இரண்டு தொகைகளை அருகருகே வைப்பதில் பயனில்லை என்கிறேன். என்னைக் கேட்டால் அட்டவணையின் முதல் வரியில் இருக்க வேண்டியது, உச்ச நேரத்தில், வழித்தடத்திலேயே கூட்டம் மிகுந்த இடத்தில், ஒரு மணி நேரத்துக்கு ஒரு திசையில் எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்ற எண். இரண்டாவது வரியில் இருக்க வேண்டியது, அந்த வழித்தடம் குறுக்குச் சாலைகளை எத்தனை இடங்களில் சமமட்டத்தில் கடக்கிறது என்ற எண். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், பெரும்பாலான வழித்தடங்களில் எந்த வாகனம் பொருந்தும் என்பதில் பெரிய சர்ச்சைக்கே இடம் இருக்காது.

செய்தித்தாள்களில் வரும் 'நாளொன்றுக்கு இத்தனை லட்சம் பேர்' என்ற எண் இதற்கு உதவாது. ஒரே அளவு தினசரிப் பயணிகளைக் கொண்ட இரண்டு வழித்தடங்களில், ஒன்றில் அவர்கள் காலை முதல் இரவு வரை இரு திசைகளிலும் பரவலாக ஏறி இறங்கலாம். மற்றொன்றில் காலை 8 மணி முதல் 9 மணிக்குள் ஒரே திசையில் குவியலாம். முதலாவதற்குப் பேருந்தே தாராளமாகப் போதும். இரண்டாவதில் அதே பேருந்து மூச்சுத் திணறும். வண்டிகளின் எண்ணிக்கை, நிறுத்தத்தின் நீளம், பணிமனையின் பரப்பு, ஓட்டுநர் தேவை எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தைக் கொண்டுதான் முடிவாகின்றன.

இனி ஒரு கணக்கு. ஒரு வழித்தடத்தில் உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 8,000 பேர் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மடங்கும் 18 மீட்டர் நீளப் பேருந்தில் 150 பேர், 160 பேர் ஏறலாம் என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பு சொல்லும். அது ஒவ்வொரு சதுர அடியும் நிரம்பி வழியும் நிலை. எல்லா வண்டிகளிலும் ஒரே சீராகக் கூட்டம் ஏறுவதும் இல்லை. ஆகவே திட்டமிடும்போது வண்டிக்கு 120 பேர் என்று கொள்வதே நியாயம். அப்படியானால் மணிக்கு 67 பேருந்துகள் வேண்டும். அதாவது ஏறத்தாழ 54 நொடிக்கு ஒரு பேருந்து. காகிதத்தில் இது ஓர் அழகான எண். பயணி நிறுத்தத்துக்கு வந்து நின்றவுடனே வண்டி வந்துவிடும் என்று பொருள்.

அந்த அழகு முதல் சிக்னல் சந்திப்பில் கலைகிறது. நடுத்தரமான ஒரு சந்திப்பில் சிக்னலின் முழுச் சுற்று 90 நொடி என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 40 சுற்றுகள். 67 பேருந்துகளை 40 சுற்றுகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட பேருந்துகள் வந்து நிற்கும். எதிர்த்திசையையும் சேர்த்தால் மூன்றுக்கும் மேல். பேருந்து நெருங்கும்போது பச்சை விளக்கை நீட்டிப்பது, சிவப்பைச் சுருக்குவது என்பதுதான் சிக்னல் முன்னுரிமை. எந்த நேரமும் ஏதாவது ஒரு பேருந்து நெருங்கிக்கொண்டே இருக்கும் இடத்தில் யாருக்கு முன்னுரிமை கொடுப்பது? எல்லோருக்கும் கொடுத்தால் குறுக்குச் சாலைக்குப் பச்சையே கிடைக்காது. எனவே பொறியாளர்கள் முன்னுரிமையை ஓசைப்படாமல் அணைத்துவிட்டு, வழக்கமான சுற்றுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒரு பேருந்து சிவப்பில் நிற்கும்போது பின்னால் வருவது அதை எட்டிப்பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தே அடுத்த நிறுத்தத்தை அடைகின்றன. முன்வண்டியில் கூட்டம் பிதுங்குகிறது, பின்வண்டி பாதி காலியாக வருகிறது. 54 நொடி இடைவெளி என்ற கணக்கு, நான்கைந்து சந்திப்புகளைத் தாண்டும்போது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று வண்டிகள் ஒன்றாக வருவது என்று ஆகிவிடுகிறது.

அதே 8,000 பேரை, 45 மீட்டர் நீள டிராம்கள் இரண்டை ஒன்றோடொன்று கோத்து, ஒரு தொடருக்கு 480 பேர் வீதம் ஏற்றினால், மணிக்கு 17 தொடர்கள் போதும். மூன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளி. இப்போது இரண்டு சிக்னல் சுற்றுகளுக்கு மேல் ஆன பிறகுதான் அதே திசையில் அடுத்த தொடர் வரும். வரும் ஒவ்வொன்றுக்கும் முழு முன்னுரிமை கொடுத்துவிட்டு, இடையிலுள்ள சுற்றுகளில் குறுக்குச் சாலையின் கடனை அடைத்துவிடலாம். ரயிலின் உண்மையான சாதகம் வேகத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சாலை மட்டத்தில் ஓடும் வரை அதன் சாதகம் நீளத்தில்தான் இருக்கிறது. அந்த நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நிறுத்தத்தில் நிற்கும் தொடரின் வால், பின்னாலுள்ள குறுக்குச் சாலையை மறிக்கக் கூடாது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகர மையத்தில் தெருக்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 60 மீட்டர் மட்டுமே என்பதால், அங்குள்ள இலகு ரயிலில் இரண்டு பெட்டிகளுக்கு மேல் இணைக்க முடியவில்லை. புறநகரில் எவ்வளவு இடம் இருந்தாலும் மொத்த வழித்தடத்தின் கொள்ளளவையும் அந்தச் சில தெருக்களே கட்டிப்போட்டுவிட்டன.

மேலே சொன்ன கணக்கை 3,000 பேருக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 பேருந்துகள், இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. முன்னுரிமை வேலை செய்யும், கூட்டமும் அடங்கும். இந்த அளவில் ரயில் வேண்டும் என்று கேட்பவர்களிடம் போக்குவரத்துக் காரணம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. 30,000 பேருக்குப் போட்டால் சாலை மட்டத்தில் எதுவுமே ஈடுகொடுக்காது. ஆறு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்று 1,500 பேர் வரை ஏற்றிக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக ஓடித்தான் அந்தக் கூட்டத்தைக் கரைக்க வேண்டும். உண்மையான சண்டை 5,000-க்கும் 15,000-க்கும் இடைப்பட்ட பகுதியில்தான். வளர்ந்துவரும் நகரங்களின் புதிய வழித்தடங்கள் பலவும் அந்தப் பகுதிக்குள்தான் விழுகின்றன.

பேருந்தின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் பொகோட்டாவைக் காட்டுவார்கள். காட்டுவதில் நியாயமும் இருக்கிறது. கொலம்பியத் தலைநகரில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ, தன் மிகக் கூட்டமான பகுதியில் மணிக்கு ஒரு திசையில் 40,000-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றிருக்கிறது. பல மெட்ரோக்களே எட்டாத எண் அது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே நிலையங்களில் ஒரு திசைக்கு இரண்டு பேருந்துத் தடங்கள் உள்ளன. ஒரு வண்டி நின்று ஆட்களை ஏற்றும்போது அடுத்தது அதைக் கடந்து போய்விடும். ஒவ்வொரு நிலையத்திலும் பல நிறுத்துமிடங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் வண்டிகளும், குறிப்பிட்டவற்றில் மட்டும் நிற்கும் விரைவு வண்டிகளும் கலந்து ஓடுகின்றன. ஆக, பேருந்துக்காக மட்டுமே நான்கு தடங்களும், நடுவே நிலையத்துக்கான அகலமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பேருந்துத் தடத்தின் கொள்ளளவைக் கட்டுப்படுத்துவது சாலையே அன்று, நிறுத்தம்தான் என்பதை பொகோட்டா நன்றாகப் புரிந்துகொண்டது. சீனாவின் குவாங்சோவும் 2010-இல் திறந்த தன் தடத்தில் இதையே செய்தது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் கடந்து செல்லும் தடமும் மிக நீண்ட நிலையங்களும் உண்டு. மணிக்கு ஒரு திசையில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் போயிருக்கிறார்கள்.

எனவே 'பேருந்தால் முடியும்' என்று ஓர் அறிக்கை சொன்னால், நான் உடனே திருப்பிப் பார்ப்பது சாலையின் குறுக்குவெட்டுப் படத்தைத்தான். கடந்து செல்லும் தடத்துக்கு அதில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பொகோட்டாவின் எண்ணை மேற்கோள் காட்ட அந்த அறிக்கைக்கு உரிமை இல்லை. சாலையின் மொத்த அகலம் 25 மீட்டருக்குள் இருக்கும் நெருக்கமான பகுதியில் நடைபாதை, மரங்கள், இரண்டு பக்கப் போக்குவரத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான்கு பேருந்துத் தடங்களை எங்கே வைப்பது? இரண்டு டிராம் தண்டவாளங்களுக்கு ஏழு மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும் இடம் போதும். அவற்றைப் புல்தரையில் பதிக்கலாம். கடைத்தெரு வழியாக நடந்து செல்பவர்களுக்கு நடுவே மெதுவாகவும் ஓட்டலாம். தண்டவாளத்தை விட்டு வண்டி விலகாது என்பதால் அதன் பாதையின் அகலம் முன்கூட்டியே தெரியும். மனிதன் திருப்பும் பேருந்துக்கு இருபுறமும் கூடுதலாக இடம் விட்டே ஆக வேண்டும்.

பொகோட்டா கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம் தரையைப் பற்றியது. ஒரே இடத்தில் நின்று, ஒரே சக்கரச் சுவட்டில் ஓடும் கனமான பேருந்துகளின் கீழ் கான்கிரீட் பலகைகள் சில ஆண்டுகளிலேயே உடையத் தொடங்கின. அடித்தளத்தில் போட்ட நிரப்புப்பொருளின் குறையே காரணம் என்று தெரியவந்து, பலகை பலகையாகப் பெயர்த்துப் போட வேண்டியதாயிற்று. பேருந்துத் தடம் என்பது ஏற்கெனவே இருக்கும் தார்ச்சாலையில் வெள்ளைக்கோடு இழுப்பது என்று நினைப்பவர்கள் கட்டுமானச் செலவை மிகக் குறைத்துக் காட்டுவது இப்படித்தான். நேர்மையாகக் கட்டிய பேருந்துத் தடத்துக்கும் மலிவான பேருந்துத் தடத்துக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம், பல நேரங்களில் அதற்கும் டிராமுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு நிகராக இருக்கிறது. பொகோட்டாவின் அத்தனை பெருமைக்குரிய அந்தத் தடம் ஓடும் கராகஸ் அவென்யூ என்ற சாலையின் ஒரு பகுதிக்கு மேலேயே இன்று அந்நகரம் தன் முதல் மெட்ரோவைத் தூண்கள் மேல் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேருந்து தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஒரு மெட்ரோவின் வேலையை அது செய்திருக்கிறது.

தடத்தைப் போடுவது ஒரு வேலை, போட்ட தடத்தைக் காப்பாற்றுவது வேறொரு வேலை. டெல்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு 2008-இல் திறந்த பேருந்துத் தடம், எண்ணிக்கையில் அதிகமான மனிதர்களைப் பேருந்துகள்தாம் சுமந்து சென்றபோதும், ஒதுக்கப்பட்ட தடம் கண்ணெதிரே காலியாகத் தெரிய, பக்கத்துத் தடத்தில் நகராமல் நின்ற கார்க்காரர்களின் கோபத்துக்கு ஆளாகி, நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது. 2012-இல் உயர் நீதிமன்றம் அதைக் கலைக்க மறுத்தது. ஆனாலும் 2016-இல் அரசே அதைப் பெயர்த்தெடுத்தது. வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன: நிலையங்கள் சிக்னல் சந்திப்புகளை ஒட்டியே இருந்தன, எந்தப் பேருந்தும் உள்ளே நுழையலாம் என்பதால் வரிசை நீண்டது. நன்றாக ஓடும் பேருந்துத் தடம் பெரும்பகுதி நேரம் காலியாகத்தான் தெரியும். வண்டிகள் தடையின்றிப் போய்விடுவதுதான் அதற்குக் காரணம். இதைச் சாலையில் காத்து நிற்பவருக்கு விளங்கவைப்பது எளிதல்ல. தண்டவாளம் பதித்த இடத்தில் கார் ஓட்டிப் பார்க்கலாமே என்று யாரும் மனுப்போடுவதில்லை. ரயிலுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்களில் ஒன்று, தொழில்நுட்பத்தோடு சம்பந்தமே இல்லாத இந்தப் பாதுகாப்புக்குத்தான்.

ஆனால் ரயில்மீதான எதிர்ப்பும் விசித்திரமான வடிவம் எடுப்பதுண்டு. லாஸ் ஏஞ்சலஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதை இருந்தது. நகர்ப்புற ரயிலுக்கென்றே வெட்டிவைத்தது போன்ற இடம். சுற்றுப்புறவாசிகளின் எதிர்ப்பால் 1991-இல் மாநிலச் சட்டம் ஒன்று வந்தது: அந்தத் தடத்தில் ஆழமான சுரங்க ரயிலைத் தவிர வேறு எந்த ரயிலும் கூடாது. சுரங்கத்துக்குப் பணம் இல்லை. ஆகவே 2005-இல் அங்கே பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. பயணிகள் எதிர்பார்ப்பை மீறிக் குவிந்தார்கள். தொடக்கத்தில் நடந்த மோதல்களால் சந்திப்புகளில் பேருந்துகள் வேகத்தைப் பெரிதும் குறைக்க வேண்டியிருந்தது. 2014-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பேருந்துக்கும் ரயிலுக்கும் இடையே தேர்வு நடந்ததாக ஆவணங்களில் இருக்கும் பல இடங்களில், உண்மையில் தேர்வே நடக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இயக்கச் செலவுக்கு வருகிறேன். அறிக்கைகளில் பின்னிணைப்புக்குத் தள்ளப்படும் பகுதி இது. மேலே சொன்ன 8,000 பேருக்கு மணிக்கு 67 பேருந்து ஓட்டுநர்கள் ஒரு புள்ளியைக் கடக்கிறார்கள். டிராமில் 17 பேர். ஓட்டுநரின் ஊதியம் உயர்ந்த நாடுகளில் முப்பது ஆண்டுக் கணக்குப் போட்டால், இந்த வேறுபாடு கட்டுமானத்தில் மிச்சம் பிடித்த பணத்தின் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். ஊதியம் குறைந்த நாடுகளில் அந்த வாதம் வலுவிழந்துவிடுகிறது. அங்கே அதே கணக்கு பேருந்துக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஒரு நாட்டின் அறிக்கையை அப்படியே எடுத்து இன்னொரு நாட்டில் ஒட்ட முடியாததற்கு முதன்மையான காரணம் இதுவே. வண்டியின் ஆயுளும் கணக்கில் சேர வேண்டும்: பேருந்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அளவிலும், ரயில் பெட்டிக்கு முப்பது ஆண்டுகள் அளவிலும் கொள்வது வழக்கம். ஒப்பீட்டுக் காலத்தைப் பதினைந்து ஆண்டுகளோடு நிறுத்தும் அறிக்கை, சொல்லாமலே பேருந்துக்கு வாக்களிக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு நீட்டும் அறிக்கை ரயிலுக்கு. புகையைப் பற்றிய பழைய வாதம் மின்பேருந்து வந்தபின் பெரும்பாலும் அடங்கிவிட்டது. எஃகுச் சக்கரத்துக்கு உருளும் தடை மிகக் குறைவு, டயர் தேய்மானத் துகள்கள் இல்லை என்ற அளவில் மட்டும் ரயிலுக்கு மிச்சம் இருக்கிறது.

வேகத்தைப் பற்றிய வாக்குறுதிகளைப் பயணத்தின் நீளத்தோடு பொருத்திப் பார்க்காமல் நம்பக் கூடாது. தனித்தடத்தில் பேருந்து சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர், சுரங்க மெட்ரோ 34 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஆறு கிலோமீட்டர் பயணத்துக்குப் பேருந்தில் 18 நிமிடம், மெட்ரோவில் பத்தரை நிமிடம். ஆனால் சுரங்க நிலையத்தில் இறங்கிச் செல்ல மூன்று நிமிடம், மேலே வர மூன்று நிமிடம் சேர்த்தால் மிச்சமாவது ஒன்றரை நிமிடம்தான். பதினைந்து கிலோமீட்டர் போகிறவருக்கோ பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம். சராசரிப் பயண தூரம் ஐந்தாறு கிலோமீட்டராக இருக்கும் நகரத்தில் ஆழத்தில் நிலையம் தோண்டுவது, பயணிக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைப் படிக்கட்டுக்குக் கொடுப்பதாகவே முடியும்.

பயணிகள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கேள்வியை நான் இவ்வளவு தாமதமாக எடுத்ததற்குக் காரணம், அது எளிதாகப் பேருந்துப் பக்கம் சாய்ந்துவிடுவதுதான். வழித்தடத்தை ஒட்டி நடந்து வரும் தூரத்திலேயே பெரும்பாலோர் வசிக்கிறார்கள் என்றால் எந்த வாகனமும் அவர்களுக்கு ஒன்றே. பல திசைகளில் சிதறிய புறநகர்களிலிருந்து ஆட்கள் வந்து பொதுவான நடுப்பகுதியில் சேர்கிறார்கள் என்றால், அந்தப் புறநகர்ப் பேருந்துகளே தனித்தடத்துக்குள் நுழைந்து நகர மையம் வரை போய்விட முடியும் என்பது பெரிய வரம். குவாங்சோவில் அப்படித்தான் நடக்கிறது. ரயிலாக இருந்தால் ஒவ்வொருவரும் வழியில் ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். காத்திருக்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் செலவாகும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாகக் கொள்வது பயண மாதிரிகளில் வழக்கம். மழையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்த்திசை வாதமும் ஒன்று உண்டு. பிரேசிலின் குரிட்டிபா 1974 முதல் தன் பேருந்துத் தடங்களை ஒட்டி மட்டுமே உயரமான கட்டடங்களுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்து, பயணிகளைத் தடத்தின் அருகிலேயே குடியமர்த்தியது. நிரந்தரத் தண்டவாளம் இல்லாவிட்டால் கட்டடக்காரர்கள் முதலீடு செய்ய மாட்டார்கள் என்ற பேச்சை அந்த நகரம் எப்போதோ பொய்யாக்கிவிட்டது. அதற்கு வேண்டியிருந்தது நில விதிகளில் உறுதி.

'இப்போது பேருந்து, தேவை வளர்ந்தபின் ரயில்' என்ற சமரச வாக்கியம் இந்த அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. எனக்கு அதன்மீது சந்தேகம் அதிகம். கனடாவின் ஒட்டாவா 1983 முதல் பேருந்துகளுக்கென்றே தனிச்சாலை கட்டியது; பிற்காலத்தில் ரயிலாக மாற்றக்கூடிய வகையிலேயே அதைத் திட்டமிட்டது. நகர மையத்தில் மட்டும் பேருந்துகள் சாதாரணத் தெருக்களின் ஓரத் தடங்களில் ஓடின. உச்ச நேரத்தில் மணிக்கு ஒரு திசையில் சுமார் 180 பேருந்துகள் அந்தத் தெருக்களில் வரிசைகட்டி நின்ற நிலை வந்தபோது, வெளியே எத்தனை கிலோமீட்டர் தனிச்சாலை இருந்தும் பயனில்லாமல் போயிற்று. மையத்தில் சுரங்கத்தோடு கூடிய 12.5 கிலோமீட்டர் இலகு ரயில் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேருந்துச் சாலையின் பகுதிகளை 2015 முதலே மூடி, பேருந்துகளைச் சாதாரணச் சாலைகளுக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. தங்கள் பயணம் நான்கு ஆண்டுகள் மோசமாவதைப் பயணிகள் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ரயில் தடம்புரண்டது. இரண்டாவது முறை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சேவையே நின்றது. நீதிபதி ஒருவர் தலைமையில் பொது விசாரணை நடந்தது. மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை, அந்தத் தெருக்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. மாற்றும் காலத்தில் பயணிகள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு ஒரு தொகையும் ஒரு வரைபடமும் இல்லாமல் 'பின்னர் ரயிலாக மாற்றலாம்' என்று எழுதுவது மட்டும் தவறு.

வளர்ச்சியை வேறு விதமாகச் சமாளித்த நகரமும் உண்டு. பிரான்சின் நான்ட் நகரம் 1985-இல் டிராமை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் நான்காவது வழித்தடத்துக்கு 2006-இல் பேருந்தையே தேர்ந்தெடுத்தது. கூட்டம் மிகுந்தபோது 2019-இல் 24 மீட்டர் நீள மின்பேருந்துகளைக் கொண்டுவந்து சமாளித்தது. நீளத்தைக் கூட்டினால் இடைவெளி குறையாமலே கொள்ளளவு உயரும் என்ற அதே கணக்குத்தான். அதே பிரான்சில் கான், நான்சி ஆகிய நகரங்கள், நடுவில் ஒற்றை வழிகாட்டித் தண்டவாளமும் ரப்பர் டயரும் கொண்ட இரண்டுங்கெட்டான் வாகனத்தை வாங்கின. உலகில் வேறு யாரும் வாங்காத வண்டிக்கு உதிரிப்பாகமும் கிடைக்காது, மாற்று வண்டியும் கிடைக்காது. கான் அதைக் கைவிட்டு 2019-இல் சாதாரண டிராமுக்கு மாறியது. நான்சியில் 2023-இல் நின்றது. இரண்டின் நன்மையும் ஒரே வண்டியில் என்று விளம்பரப்படுத்தப்படும் எதையும், குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களாவது செய்யும் வரை ஒரு நகரம் தொடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, முதல் வரியில் இருக்க வேண்டும் என்று நான் வாதாடிய அந்த உச்சநேர எண்ணின் நம்பகத்தன்மை. பெண்ட் ஃபிளைபியர்க் என்ற டென்மார்க் நாட்டு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எடுத்துக்கொண்ட ரயில் திட்டங்களில் உண்மையில் வந்த பயணிகள், முன்கணிப்பில் சொன்னதைவிடச் சராசரியாக ஏறத்தாழ பாதிதான் என்று கண்டார்கள். 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ரயில் திட்டங்களின் செலவு சராசரியாக 45 சதவீத அளவுக்கு மதிப்பீட்டை மீறியிருந்தது. எடின்பரோவில் 2014-இல் ஓடத் தொடங்கிய டிராம், 14 கிலோமீட்டருக்கு 77.6 கோடி பவுண்டு விழுங்கியது. திட்டமிட்ட நீளம் முழுவதும் அப்போது கட்டி முடிக்கப்படவும் இல்லை. தெருவுக்கு அடியில் கிடந்த குழாய்களையும் கம்பிவடங்களையும் இடம் மாற்றும் வேலையே அங்கே பெரும் தாமதத்துக்கு வழிவகுத்தது. பேருந்துத் தடத்தில் அவற்றின் மேலேயே சாலை போட்டுவிடலாம். எப்போதாவது குழாய் உடைந்தால் பேருந்தைச் சில நாட்கள் பக்கத்துச் சாலையில் விடலாம். டிராமுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே மணிக்கு 8,000 பேர் என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, 4,000 பேர் மட்டுமே வந்தால் என்ன நடக்கும் என்றும் ஒரு பத்தி அதில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். இன்றே அந்தச் சாலையில் சாதாரணப் பேருந்துகள் அந்த 8,000-இல் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கின்றன என்றால் அது கணிப்பே இல்லை, எண்ணிப் பார்த்த உண்மை. அங்கே சந்திப்புகள் நெருக்கமாகவும் சாலை குறுகலாகவும் இருந்தால் டிராமுக்கே என் வாக்கு, கட்டுமானச் செலவு இரண்டு மடங்கானாலும். அந்த எண், இன்னும் கட்டப்படாத குடியிருப்புகளிலிருந்து வரப்போகும் ஆட்களை நம்பியது என்றால் பேருந்துத் தடத்தைத் தேர்ந்தெடுப்பேன்: நிலையங்களில் கடந்து செல்லும் தடத்துக்கான அகலத்தோடும், இரண்டு பேருந்துகள் முன்பின்னாக நிற்கும் நீளத்தில் நடைமேடையோடும், முக்கியச் சந்திப்புகள் இரண்டோ மூன்றோ மட்டும் மேலே தூக்கப்பட்டும். அந்த இரண்டு மூன்று பாலங்களுக்கான தொகையை முதல் கட்ட வரவு செலவிலேயே சேர்க்காவிட்டால் பிறகு ஒருபோதும் சேர்க்க மாட்டார்கள் என்பதால், அறிக்கையில் நான் முதலில் தேடும் பக்கம் அதுதான்.